உடம்புக்கே தீர்ந்துபோகும் லீவில் மனசுக்கு நாள் ஒதுக்குவது எப்படி? சென்னையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் பிறப்பதற்குள் என் சிக் லீவ் 12 நாளும் தீர்ந்துவிடும். முடக்குவாதம் வந்து 11 வருடமாகிறது. முட்டி வீங்கினால் 2 நாள், மழைக்காலத்தில் விரல் மடங்காமல் 3 நாள், ரத்தப் பரிசோதனைக்கு அரை நாள், வாதநோய் டாக்டரிடம் டோக்கன் போட்டுக் காத்திருக்க இன்னொரு அரை நாள் என்று கரைந்துகொண்டே போகும். சனிக்கிழமை இரவு முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போட்டால் ஞாயிறு முழுக்கக் குமட்டல். திங்கள் காலை மடிப்பாக்கத்திலிருந்து ஓ.எம்.ஆர். கிளம்பியாக வேண்டும். இந்த லட்சணத்தில் மனசு படுத்துக்கொண்டால் அதற்கு எங்கிருந்து லீவ் எடுப்பது?

சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா, லூபஸ், சிறுநீரகக் கோளாறு என்று எதையாவது ஆண்டுக்கணக்கில் சுமக்கிற எல்லாருக்கும் இதே கதைதான். உடம்பு கேட்டதெல்லாம் போக மிச்சமிருந்தால் மனசுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால் மிச்சம் என்று ஒன்று வராது. அதனால் மனசுக்குத் தனிக் கணக்கு வைத்தாக வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் லீவ், சர்டிஃபிகேட் எதையும் யோசிக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 அரசின் மனநல உதவி எண் (டெலிமானஸ்), இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து தற்கொலைத் தடுப்பில் இருக்கும் சினேகாவின் எண் 044-24640050. நேரில் போக வேண்டுமென்றால் அருகிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஆட்டோ பிடியுங்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: இரண்டு வாரம் காலண்டரில் எழுதுங்கள்

உடம்பு அசதியா, மனச்சோர்வா என்று நமக்கே தெரியாமல் போவதுதான் முதல் சிக்கல். இரண்டிலும் தூக்கம் கெடும், பசி போகும், எழுந்திருக்க முடியாது. நகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் நான் இரண்டே எழுத்துகளை எழுத ஆரம்பித்தேன். உடம்பு படுத்திய நாளுக்கு ‘உ’, மனசு படுத்திய நாளுக்கு ‘ம’. முட்டி சூடாக வீங்கியிருந்தால் ‘உ’. வீக்கமே இல்லாமல், குளிக்கப் போகவே துண்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ‘ம’. நான் தினமும் பிள்ளையார் சுழி போடுவதாக நினைத்து மாமனார் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் ‘ம’ என்றால் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. முன்பு ரசித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது, எல்லாருக்கும் பாரமாகிவிட்டோம் என்று தோன்றுவது, மாத்திரை போட்டு என்ன ஆகப் போகிறது என்று வேளையைத் தவறவிடுவது ஆகியவற்றையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனசு சோர்ந்தால் மாத்திரை தவறும், மாத்திரை தவறினால் நோய் ஏறும், நோய் ஏறினால் மனசு இன்னும் சோரும்.

படி 2: முதலில் பழைய டாக்டர், அப்புறம் மனநல டாக்டர்

எடுத்த எடுப்பில் ‘எனக்கு டிப்ரஷன்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதிலும் அசதி, மறதி, எரிச்சல் வரும். ரத்தசோகையும் ஆளைப் படுக்கப் போடும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்து, சிலரை அழவைக்கும், சிலரைத் தாம்தூமென்று குதிக்கவைக்கும். சர்க்கரை இறங்கும்போது வருகிற வியர்வையும் படபடப்பும் பதற்ற நோய் மாதிரியே தெரியும். அதனால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காலண்டரைக் காட்டி, இதில் எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள். ஸ்டீராய்டுதான் காரணமோ என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

சோதனையில் ஒன்றுமில்லை என்றாலோ, அதைச் சரிசெய்தும் ‘ம’ தொடர்ந்தாலோ மனநல மருத்துவர்தான். ‘கீழ்ப்பாக்கம் போக வேண்டிய கேஸு’ என்று கிண்டல் பேசியே வளர்ந்த ஊர் இது. அந்தக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. வெளிநோயாளியாகப் போய்ச் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு அன்றே வீட்டுக்கு வரலாம், பைசா செலவில்லை. கூச்சமாக இருந்தால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே வரிசையில் நிற்பவர் எந்த நோய்க்கு நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இருக்கிறது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கியது.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரைச் சொன்னால் போதாதா என்று நினைத்து நான் வாயால் சொன்னேன், வலி மாத்திரையை விட்டுவிட்டேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பல மாத்திரைகள் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். மனநிலை ஏறி இறங்குவதற்குக் கொடுக்கும் லித்தியம் போடுகிறவர்களுக்கு அதே வலி மாத்திரை லித்தியத்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்கி விழுங்குவதுதானே என்று அதை யாரும் மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இன்னொரு கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்: ‘இந்த மாத்திரை வேலை செய்ய எத்தனை நாள் ஆகும்?’ எத்தனை நாள் லீவ் என்பதே இந்தப் பதிலில்தான் இருக்கிறது. பெரும்பாலும் 2 முதல் 4 வாரம், சில சமயம் 6 வாரம் கூட ஆகும். ஆனால் குமட்டல், தலைபாரம், தூக்கக் கலக்கம் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நான் முதல் தடவை 5 நாள் லீவ் போட்டேன். பக்கவிளைவை முழுசாக அனுபவித்துவிட்டு, பலன் தொடங்கும் முன்னாலேயே ஆபீஸ் போய் உட்கார்ந்தேன். லீவும் போச்சு, தெளிவும் வரவில்லை. என்னைக் கேட்டால், ஒரேயடியாக 3 வாரம் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வாரம் முழு லீவ், அதையடுத்த 2 வாரம் வீட்டிலிருந்தோ அரை நாளாகவோ வேலை என்று பேசிப் பாருங்கள். 5 நாள் மட்டும் எடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படி 3: கையில் என்னென்ன லீவ் இருக்கிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்று ஒன்று இருக்கிறது. கடை, தனியார் அலுவலகம் எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான் வரும். இதன்படி வருடத்துக்கு 12 நாள் உடல்நலக் குறைவு விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, ஒரு வருடம் முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு இன்னும் 12 நாள். கடைசியாகச் சொன்னதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். உடல்நலக் குறைவு என்றால் கை கால் மட்டும்தான் என்று சட்டம் பிரித்துச் சொல்லவில்லை. கம்பெனிகள் இவற்றுக்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கும், சில இடங்களில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பார்கள். சம்பளச் சீட்டையும் லீவ் பாலிசியையும் திறந்து மொத்தம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

என் கணக்கு இப்படி: சிக் லீவ் முழுக்க உடம்புக்கு. சேர்த்து வைத்த லீவில் 10 நாளை மனசுக்கென்று தொடாமல் வைப்பது. ஊர்த் திருவிழா, மச்சினர் கல்யாணம் எதற்கும் அதில் கை வைக்க மாட்டேன். வீட்டில் இதற்காக ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் (மாற்றுத்திறனாளிக்கு 25,000) நீங்கள் பெரும்பாலும் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் இருப்பீர்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்களே, அதுதான். அந்தப் பிடித்தம் இருமல் மருந்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பங்களிப்புக் காலமான 6 மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் (அந்தப் பங்களிப்புக்குப் பலன் கேட்கக்கூடிய மாதங்களில்) நோய்க்காக வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். நீண்டகால நோய்கள் 34-க்கு இது 80 சதவீதமாக உயர்ந்து 2 வருடம் வரை நீளும். அதற்கு 2 வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து 156 நாள் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, சர்க்கரையால் வரும் சில சிக்கல்கள் இருக்கும் அந்தப் பட்டியலில் மனச்சிதைவும் கடுமையான மனச்சோர்வு வகையும் உண்டு. வெளி டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். உங்களுக்கு ஒதுக்கிய ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டினால் அவர்கள் கே.கே. நகர் அல்லது அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சான்றிதழும் அந்த வழியில்தான் வர வேண்டும்.

அரசு ஊழியர்களுக்கு ஈட்டிய விடுப்பு, மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பு என்று வழி தெளிவாகவே இருக்கிறது. பில் கிளார்க்கைக் கேட்டால் இருப்பு தெரியும்.

எதுவுமே மிச்சமில்லை என்றால் சம்பளமில்லா விடுப்புதான். பயப்படாமல் கணக்குப் போடுங்கள். மாதம் 45,000 வாங்குகிறவருக்கு 30 நாளில் வகுத்தால் ஒரு நாள் 1,500. 10 நாளுக்கு 15,000. வாடகை, தவணை, மாத்திரைச் செலவு மூன்றையும் அந்த மாதம் எப்படிச் சமாளிப்பது என்று எழுதிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். சம்பளமில்லாத நாட்களிலும் கம்பெனியின் மருத்துவக் காப்பீடு தொடருமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். காப்பீட்டைப் பற்றி ஒரு வரி: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு என்ன விதியோ அதே விதியில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும், டாக்டர் ஃபீஸுக்கும் கவுன்சலிங்குக்கும் தராது.

படி 4: சர்டிஃபிகேட்

கவுன்சலர், உளவியலாளர் கொடுக்கும் கடிதத்தை மருத்துவச் சான்றாகப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பதிவு எண் உள்ள டாக்டர் கையெழுத்து வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மனநல டாக்டரின் லெட்டர்ஹெட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடும். நோயின் பெயரை எழுதாவிட்டாலும் மேலே அச்சடித்திருப்பதை மறைக்க முடியாது.

நான் செய்தது: மனநல டாக்டர் கொடுத்த குறிப்பை வாதநோய் டாக்டரிடம் காட்டினேன். அவர் இரண்டையும் கணக்கில் எடுத்து, ‘எங்கள் சிகிச்சையில் இருக்கிறார், 3 வாரம் ஓய்வு தேவை’ என்று எழுதிக் கொடுத்தார். இதில் பொய் எதுவும் இல்லை. என் முடக்குவாதத்துக்கும் அந்த ஓய்வு தேவைதான். ஆண்டுக்கணக்கில் நோயோடு இருப்பதில் நமக்கிருக்கும் ஒரே சலுகை, நம்மை நன்றாகத் தெரிந்த ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதே. அதைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஆனால் 200 ரூபாய்க்கு டைஃபாய்டு என்று எழுதித் தருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். மாட்டினால் உண்மையான நோயும் பொய்யாகிவிடும்.

உங்கள் நோய் விவரத்தை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று அதே 2017 சட்டம் டாக்டர்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆபீஸிலிருந்து டாக்டருக்கு போன் போனாலும் அவர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குத் திரும்பும்போது தகுதிச் சான்றும் கேட்பார்கள். அதை முடிந்தவரை அதே டாக்டரிடம் வாங்குங்கள்.

படி 5: ஆபீஸில் எவ்வளவு சொல்வது?

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டீம் லீடரிடம் மனசு விட்டு முழுசாகச் சொன்னேன். நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த வாரம் கேன்டீனில் காபி வாங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், ‘டென்ஷன் ஆகாதீங்கப்பா, அப்புறம் அவங்க மாதிரி ஆயிடுவீங்க.’ அதிலிருந்து என் கொள்கை: தேதியைச் சொல்வேன், வேலையை யாரிடம் ஒப்படைக்கிறேன் என்பதைச் சொல்வேன், நோயைச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் திறந்து சொன்னால்தான் களங்கம் போகும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஆளே படுத்துக் கிடக்கும் வாரத்தில் அந்தப் போராட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

வாயால் சொல்லும்போது இவ்வளவு போதும்:

‘சார், ஒரு அஞ்சு நிமிஷம் தனியா பேசணும். எனக்கு ஏற்கெனவே இருக்கிற உடம்புப் பிரச்சினைக்கு இப்போ சிகிச்சையை மாத்தியிருக்காங்க. 3 வாரம் ரெஸ்ட்ல இருக்கணும்னு சொல்லிட்டாங்க. வர்ற திங்கள்ல இருந்து எடுத்துக்கறேன். சர்டிஃபிகேட்டை எச்.ஆருக்கு அனுப்பிடறேன். கையில இருக்கிற வேலையெல்லாம் யார்கிட்ட குடுக்கலாம்னு எழுதிக் கொண்டுவந்திருக்கேன்.’

‘என்னாச்சு, பெரிசா ஒண்ணுமில்லையே?’ என்பார்கள். ‘ட்ரீட்மென்ட் நடக்குது சார், சரியாயிடும்’ என்று சொல்லிவிட்டு உடனே அந்தத் தாளை நீட்டுங்கள். பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். பேசி முடித்ததும் அன்றைக்கே மெயிலில் தேதியோடு போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் போனால் திரும்பி வரும்போது ‘சொல்லாமல் வராதவர்’ ஆகிவிடுவீர்கள்.

இந்த வாரத்தில் ராஜினாமா மட்டும் எழுதாதீர்கள். நான் எழுதினேன். ராத்திரி 2 மணிக்கு ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்று ஆரம்பித்து, அனுப்பாமல் தூங்கிப்போனேன். மூன்று வாரம் கழித்துப் படித்தபோது யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

படி 6: வீட்டில் தடுப்புச் சுவர்

ஆபீஸைவிட இதுதான் கஷ்டம். லீவில் இருக்கிறாள் என்று தெரிந்தால் கேஸ் புக்கிங், ரேஷன் கைரேகை, மாமியாரின் கண் செக்கப், குழந்தையின் பிராஜெக்ட் சார்ட் எல்லாம் தானாக நம் தலையில் வந்து உட்காரும். முதல் தடவை லீவின் 4-ஆம் நாள் கிரைண்டர் ரிப்பேருக்கு நங்கநல்லூரில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் தடவை, லீவ் தொடங்கும் முன்பே மாமியாரிடம் போய், ‘அத்தை, இது ஆபரேஷன் பண்ணிட்டு வந்த மாதிரி நெனச்சுக்கோங்க’ என்றேன். அவர்களுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன காலத்தில் 40 நாள் குடத்தைத் தொட விடவில்லையாம். சட்டென்று புரிந்துகொண்டார்கள். டிப்ரஷன் என்று சொல்லியிருந்தால் திருநள்ளாறு போய்ப் பரிகாரம் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

படி 7: லீவ் நாட்களில்

உடம்புக்கான மருத்துவ வேலைகளை இந்த நாட்களில் நுழைக்காதீர்கள். ‘எப்படியும் லீவ்தானே, பல்லைக் காட்டிவிடலாம், ஸ்கேன் எடுத்துவிடலாம்’ என்று தோன்றும். தோன்றட்டும். மனநல டாக்டர் சந்திப்பையும் தவிர்க்கவே முடியாத பரிசோதனையையும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

மாத்திரை நேரத்தை மட்டும் ஆபீஸ் நாள் மாதிரியே வைத்திருங்கள். லீவில் 10 மணிக்கு எழுந்தால் காலை வேளை மதியமாகும், சாப்பாடு தள்ளும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அங்கேயே வினை. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள்தான். கிழமை மறந்து இரண்டு தடவை போட்டுவிடக் கூடாது என்பதற்காக அட்டையிலேயே ‘சனி’ என்று எழுதி வைத்தேன்.

முதல் சில நாள் தூங்குங்கள், தப்பில்லை. அப்புறம் தினம் ஒரு தடவையாவது வெளியே. பெசன்ட் நகர் கடற்கரை காலை 7 மணிக்குள் என்றால் சொர்க்கம், 9 மணிக்கு மேல் வாணலி. பகலில் வீட்டில் இருக்கவே முடியாதென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போங்கள். குளுகுளுவென்று இருக்கும், ‘என்ன வேலைக்குப் போகலையா?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் அங்கே ஒரு வாரம் சமையல் புத்தகங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குழம்பும் வைக்கவில்லை.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போடுங்கள். காலண்டரில் ‘உ’, ‘ம’ எழுதுவதை விடாதீர்கள். அடுத்த சந்திப்பில் டாக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

படி 8: திரும்புவது

திங்கள்கிழமை திரும்பாதீர்கள். வியாழன் போங்கள். இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் வீடு. உடம்பும் மனசும் எப்படித் தாங்குகின்றன என்று தெரிந்துவிடும். முதல் நாள் வந்து குவிந்த மெயிலை எல்லாம் படித்துத் தீர்க்கவும் வேண்டாம். ‘இப்போ அவசரம் எது?’ என்று பக்கத்து சீட்டில் கேட்டாலே மூன்றுதான் தேறும்.

வேலை முறையில் மாற்றம் வேண்டுமென்றால் கேளுங்கள்: காலை விறைப்பு விட 10 மணி ஷிஃப்ட், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து, மனநல டாக்டரைப் பார்க்கும் நாளில் அரை நாள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் பல நாட்பட்ட நரம்பு நோய்களும் இருக்கின்றன. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று அரசு மருத்துவக் குழு சான்று கொடுத்தால் இப்படிக் கேட்பதற்குப் பலம் கூடும். எல்லாருக்கும் அது பொருந்தாது. எனக்குப் பொருந்தவில்லை, வெறும் மெயிலில் கேட்டுத்தான் 10 மணி வாங்கினேன்.

மனசு தேறிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்போதெல்லாம் மூன்று மாதத்துக்கு இரண்டு நாள் தற்செயல் விடுப்பை ஜனவரியிலேயே போட்டுவிடுகிறேன். காரணம் கேட்கும் கட்டத்தில் ‘சொந்த வேலை’. படுத்த பிறகு கேட்பதைவிட நன்றாக இருக்கும்போது கேட்பது சுலபம், யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்த வருடம் புதுக் காலண்டர் மாட்டியதும் அந்த நாட்களில் முன்கூட்டியே ‘ம’ எழுதினேன். மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

‘பிள்ளையார் சுழி சரிம்மா, இது என்ன மார்ச்ல ஒரு ம?’

‘அன்னைக்கு லீவ் மாமா.’

‘எங்க போறீங்க?’

‘எங்கயும் இல்ல.’

‘சரி, அன்னைக்கு கேஸ்காரன வரச் சொல்ல வேணாம்’ என்று அவர் பேனாவை எடுத்துப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.